திறந்த வாயில்கள்: ஓஹியோ மாநிலத்தில் ஒரு குடும்பச் சுற்றுலா

நுழையும்முன்

விடுமுறை வந்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘எங்கே போகலாம்?’ என்பதுதான். தாத்தாவுக்கு நெடுந்தூரம் நடக்க இயலாது; தம்பிக்கு ஓரிடத்தில் நிற்க இயலாது; அம்மாவுக்குச் செலவைப் பற்றிய கவலை. அனைவருக்கும் ஏற்ற இடம் எது? அத்தகைய இடங்கள் எவ்வாறு உருவாகின்றன? அமெரிக்க நாட்டின் நடுமேற்குப் பகுதியிலுள்ள ஒரு மாநிலத்தின் சுற்றுலா இடங்களை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

ஏரிக்கும் ஆற்றுக்கும் இடையே

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்குப் பகுதி பன்னிரண்டு மாநிலங்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்று ஓஹியோ. 1803ஆம் ஆண்டு நாட்டின் பதினேழாவது மாநிலமாக இணைந்த இதன் தலைநகரம் கொலம்பஸ். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழும் மக்கள் ஏறத்தாழ 1 கோடியே 18 இலட்சம் பேர். வடக்கில் ஈரி என்னும் பேரேரியும், தெற்கில் ஓஹியோ ஆறும் இம்மாநிலத்தின் எல்லைகளாக அமைந்துள்ளன. ஆற்றின் பெயரே மாநிலத்தின் பெயராயிற்று. அப்பெயர் அம்மண்ணின் பழங்குடியினருடைய மொழியிலிருந்து வந்தது.

வானளாவிய மலைகளோ கடற்கரையோ இங்கில்லை. ‘சோளக் கொல்லைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த இடத்தில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?’ என்று சிலர் கேட்பதுண்டு. வடக்கிலிருந்து தெற்காக ஒரு குடும்பம் பயணம் செய்தால் அக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

பனி செதுக்கிய பாறை

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளுள் ஆழம் மிகக் குறைந்தது ஈரி ஏரி. ஆதலால் கோடையில் அதன் நீர் விரைவில் வெதுவெதுப்பாகிவிடும். சிறுவர்கள் நீந்தி மகிழ அது ஏற்றதாகிறது. மார்பிள்ஹெட் என்னும் ஊரில் 1822ஆம் ஆண்டு முதல் இன்றுவரை இடைவிடாது ஒளி வீசிவரும் கலங்கரை விளக்கம் ஒன்று உள்ளது. அவ்வூரிலிருந்து படகேறினால் கெல்லீஸ் தீவை அடையலாம்.

அத்தீவின் சுண்ணாம்புப் பாறையில், ஏறத்தாழ 400 அடி நீளமும் 35 அடி அகலமும் கொண்ட ஆழ்ந்த பள்ளங்கள் காணப்படுகின்றன. மாபெரும் உளி கொண்டு இழைத்தாற்போல் அவை வழவழப்பாக உள்ளன. அவற்றை இழைத்தது பனி. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து பனிப்படலம் ஒன்று மெல்ல நகர்ந்து வந்தது. அதன் அடியில் சிக்கிய கற்கள், மேலிருந்து அழுத்திய பேரெடையால் பாறையை அரைத்துக்கொண்டே சென்றன. பனி உருகியபின் அதன் தடம் மட்டும் எஞ்சியது. அப்பாறையை உற்று நோக்கினால், தொல்பழங்காலக் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் புதைபடிவங்களும் தென்படும்.

இத்தீவில் இத்தகைய பள்ளங்கள் வேறு பலவும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்தவர்கள் அவற்றை உடைத்து விற்றுவிட்டனர். எஞ்சிய பள்ளத்தைச் சுற்றி இன்று வேலியும் நடைபாதையும் அமைத்துக் காத்து வருகின்றனர்.

ஏரிக்கரையில் சாண்டஸ்கி என்னும் ஊரருகே ‘சீடர் பாயின்ட்’ கேளிக்கைப் பூங்கா உள்ளது. 1870ஆம் ஆண்டு ஏரிக் குளியலுக்கான இடமாகத் தொடங்கிய இது, இன்று வானுயர்ந்த உருள் ஊர்திகளுக்குப் பெயர்பெற்றது. 2000ஆம் ஆண்டு இங்கு நிறுவப்பட்ட ஊர்தி ஒன்றின் உயரம் 310 அடி. நீங்கள் இயற்பியலில் படிக்கும் ஆற்றல் மாற்றத்தை இங்குக் கண்கூடாகக் காணலாம். ஊர்தி உச்சிக்கு ஏற்றப்படும்போது அது நிலையாற்றலைப் பெறுகிறது. சரியும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. அதன்பின் வரும் மேடுகளை ஏறக் கூடுதல் விசை தேவையில்லை. உராய்வால் ஆற்றல் சிறிது சிறிதாகக் குறைவதனால், அடுத்தடுத்த மேடுகள் பெரும்பாலும் முந்தையவற்றினும் தாழ்வாக அமைக்கப்படுகின்றன. குறிப்பிட்ட உயரத்தை எட்டாத சிறுவர்களைப் பெரிய ஊர்திகளில் ஏற்றுவதில்லை. அவர்களுக்கெனச் சிறிய ஊர்திகள் தனியே உள்ளன.

எரிந்த ஆறு

ஏரிக்கரையிலுள்ள பெருநகரம் கிளீவ்லாந்து. அந்நகரின் ஊடே பாய்ந்து ஏரியில் கலப்பது கயஹோகா ஆறு. 1969ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் அந்த ஆறு தீப்பற்றி எரிந்தது. நீர் எரியுமா என நீங்கள் வியக்கலாம். எரிந்தது நீரன்று, அதன்மேல் மிதந்த எண்ணெயும் கழிவும். பல ஆண்டுகளாக ஆலைகள் தம் கழிவுகளை அந்த ஆற்றில் கொட்டி வந்தன. அதற்கு முன்பும் அது பலமுறை எரிந்ததுண்டு. அப்போதெல்லாம் தொழில் வளர்ச்சியின் விலை என்று கருதி மக்கள் அதைப் பொறுத்துக்கொண்டனர். இம்முறை பொறுக்கவில்லை. ஆறு எரிந்த செய்தி நாடெங்கும் பரவியது. நாட்டின் பிற இடங்களில் நேர்ந்த மாசுகளும் சேர்ந்து மக்களின் மனத்தைக் கலக்கின. 1970இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தோன்றவும், 1972இல் தூயநீர்ச் சட்டம் நிறைவேறவும் அக்கவலை வழிகோலியது.

இன்று அதே ஆற்றின் பள்ளத்தாக்கில் கயஹோகா பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. 1974இல் பொழுதுபோக்குப் பகுதியாகக் காக்கப்பட்ட அவ்விடம் 2000ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா என்னும் தகுதியைப் பெற்றது. நுழைவுக் கட்டணம் இல்லை. முற்காலத்தில் கால்வாய்ப் படகுகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துச் சென்ற கரைப்பாதையில் இன்று குடும்பங்கள் நடந்தும் மிதிவண்டியிலும் செல்கின்றன. பிராண்டிவைன் என்னும் அருவியை மரப்படிகளில் இறங்கி அருகிலிருந்து காணலாம்.

இப்பூங்காவிலுள்ள சதுப்புநிலம் ஒன்றின் வரலாறு குறிப்பிடத்தக்கது. அங்கு முன்பு பழுதுபட்ட மோட்டார் வண்டிகளைக் குவித்துவைக்கும் இடம் இருந்தது. 1984ஆம் ஆண்டு தன்னார்வலர்கள் ஒன்றுகூடி அவ்விடத்துக் குப்பைகளை அகற்றினர். அதே காலத்தில், அப்பகுதியில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் காணாமற் போயிருந்த பீவர் விலங்குகள் அப்பள்ளத்தாக்கிற்குத் திரும்பி வந்தன. தட்டையான வாலும் வலிய முன்பற்களும் கொண்ட கொறிவிலங்கு பீவர். மரக்கிளைகளைக் கடித்து வீழ்த்தி நீரோடையின் குறுக்கே அணை கட்டுவது அதன் இயல்பு. அவ்வாறு அவை கட்டிய அணையால் நீர் தேங்கியது, அல்லி பூத்தது, ஆமையும் கொக்கும் வந்து சேர்ந்தன. வண்டிகளை நிறுத்துவதற்கான இடமாக ஆகவிருந்த நிலம், பறவைகளைக் காணும் இடமாயிற்று. தொடங்கிவைத்தவர்கள் மனிதர்கள், முடித்துவைத்தவை விலங்குகள்.

மேய்ச்சல் நிலத்திலிருந்து நிலவுக்கு

மாநிலத்தின் தென்மேற்கில் டேட்டன் நகரம் உள்ளது. ரைட் சகோதரர்களான வில்பரும் ஆர்வில்லும் மிதிவண்டிக் கடை நடத்திய ஊர் இதுவே. சிறுவயதில் தந்தை வாங்கித் தந்த பறக்கும் பொம்மை ஒன்று அவர்களைக் கவர்ந்தது. தக்கை, மூங்கில், தாள் ஆகியவற்றாலாகி, இரப்பர் பட்டையின் முறுக்கால் மேலெழும் அப்பொம்மையே தங்கள் ஆர்வத்தின் தொடக்கம் என அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். 1903ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள், வடகரோலினா மாநிலத்தின் மணற்கரையில் அவர்கள் செய்த வானூர்தி முதன்முதலாக 12 நொடிகள் பறந்தது. கடந்த தொலைவு 120 அடி மட்டுமே.

எழுந்தால் போதுமா? திரும்பவும் வளையவும் விரும்பிய இடத்தில் இறங்கவும் வேண்டுமல்லவா? அதைக் கற்றுக்கொண்ட இடம் டேட்டன் அருகிலுள்ள ஹஃப்மன் மேய்ச்சல் நிலம். உரிமையாளர் வாடகை பெறாமல் அந்நிலத்தை அளித்தார். ஒவ்வொரு முறையும் மாடுகளையும் குதிரைகளையும் ஓரமாக ஓட்டிவிட்டுச் சகோதரர்கள் பறந்தனர். 1905ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், அந்நிலத்தைச் சுற்றிச் சுற்றி வில்பர் ஏறத்தாழ 39 நிமிடங்கள் வானில் இருந்தார். அன்று பறந்த ஊர்தி, டேட்டனிலுள்ள கரில்லான் வரலாற்றுப் பூங்காவில் இன்றும் உள்ளது. அந்த மேய்ச்சல் நிலமும் புல்வெளியாகவே காக்கப்படுகிறது. அங்கு நின்று பார்க்கும் சிறுவனுக்கு, பெரும் கண்டுபிடிப்புகள் எவ்வளவு எளிய இடங்களில் பிறக்கின்றன என்பது புலப்படும்.

அருகிலேயே அமெரிக்க வான்படையின் தேசிய அருங்காட்சியகம் உள்ளது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வானூர்திகளையும் ஏவுகணைகளையும் இங்குக் கட்டணமின்றிக் காணலாம். நிலவுக்குச் சென்று திரும்பிய அப்பல்லோ 15 விண்கலத்தின் கட்டளைக் கூறு இங்குள்ளது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் நாகசாகி நகரின்மீது அணுகுண்டை வீசிய வானூர்தியும் இங்குள்ளது. வியப்பூட்டும் கலமும் நெஞ்சை நடுக்கும் கலமும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. பறக்கக் கற்ற மனிதன் அத்திறனை எதற்குப் பயன்படுத்தினான் என்னும் கேள்வியைப் பிள்ளைகள் கேட்காமல் இருக்கமாட்டார்கள். அக்கேள்விக்கு விடை சொல்வது பெற்றோரின் கடமை.

டேட்டனுக்கு வடக்கே வாப்பகொனெட்டா என்னும் சிற்றூர் உள்ளது. நிலவில் முதலில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் 1930இல் பிறந்தது அவ்வூரின் அருகில்தான். நிலவின் வடிவை நினைவூட்டும் குவிமாடத்துடன் 1972இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அங்கு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1969இல் நிலவுக்குச் சென்றபோது, ரைட் சகோதரர்களின் முதல் வானூர்தியிலிருந்து எடுத்த மரத்துண்டையும் துணித்துண்டையும் அவர் தம்முடன் கொண்டு சென்றார். 120 அடி பறந்த அத்துணி, 66 ஆண்டுகளுக்குள் நிலவைத் தொட்டுத் திரும்பியது.

நிலவை அளந்த மேடுகள்

வானை நோக்கியவர்கள் ஓஹியோவில் அதற்கு முன்பும் வாழ்ந்தனர். இன்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹோப்வெல் எனத் தொல்லியலாளர் பெயரிட்ட பண்பாட்டைச் சேர்ந்த பழங்குடியினர், மண்ணைக் கூடைகளில் சுமந்து வந்து மாபெரும் வட்டங்களையும் சதுரங்களையும் எண்கோணங்களையும் நிலத்தின்மீது அமைத்தனர். நியூவார்க் நகரிலுள்ள எண்கோணம் ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்பை வளைத்து நிற்கிறது. நிலவு உதிக்கும் இடம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறி, 18.6 ஆண்டுகளில் ஒரு சுழற்சியை நிறைவு செய்கிறது. அச்சுழற்சியில் நிலவு வடக்கே மிக விலகி உதிக்கும் திசையை நோக்கி அந்த எண்கோணம் அமைந்துள்ளது. எழுத்தின் துணையின்றி, தலைமுறை தலைமுறையாக வானை நோக்கிய மக்கள் அவ்வறிவைப் பெற்றனர்.

இத்தகைய சிறப்புடைய இடத்தில் நூறாண்டுக்கும் மேலாகக் கோல்ஃப் விளையாட்டு நடைபெற்றது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த மன்றம் ஒன்று அதனை ஆடுகளமாக்கியிருந்தது. பொதுமக்கள் ஆண்டில் ஒருசில நாள்களில் மட்டுமே முழு இடத்தையும் காண முடிந்தது. அவ்விடத்தைத் தம் முன்னோரின் கைவண்ணமாகக் கருதும் பழங்குடியினரும் வாயிலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. அவர்களுள் பலருடைய மூதாதையர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓஹியோவிலிருந்தே வெளியேற்றப்பட்டவர்கள். நீண்ட வழக்கின்பின் 2022இல் மாநில உச்சநீதிமன்றம் பொதுமக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023இல் யுனெஸ்கோ இவ்விடத்தையும் இதனையொத்த பிறவற்றையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 2025ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று எண்கோணத்தின் வாயில் அனைவருக்கும் திறந்தது.

விடுதலையின் கரை

தெற்கெல்லையில், ஓஹியோ ஆற்றங்கரையில் சின்சினாட்டி நகரம் உள்ளது. ஆற்றுக்கு அப்பால் கென்டக்கி மாநிலம். உள்நாட்டுப் போருக்கு முன்பு, அப்பால் உள்ள கரையில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பது சட்டப்படி செல்லும். இப்பாலுள்ள கரையில் செல்லாது. எனவே இந்த ஆற்றைக் கடப்பது பலருக்கு வாழ்வின் கனவாக இருந்தது. ஆனால் தப்பி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தந்ததால், ஓஹியோவிலும் அவர்கள் அஞ்சியே வாழ வேண்டியிருந்தது. மாநிலத்தின் நெடுக வடக்கே சென்று ஈரி ஏரியையும் கடந்து கனடாவை அடைந்தால்தான் முழுப் பாதுகாப்பு. இரவில் அவர்களை வீடு விட்டு வீடு மறைத்து அனுப்பி உதவிய மக்களின் வலைப்பின்னலைப் ‘பாதாள இரயில்பாதை’ என்றழைத்தனர். அங்குப் பாதாளமும் இல்லை, இரயிலும் இல்லை. துணிவும் இரக்கமும் மட்டுமே இருந்தன.

அவ்வரலாற்றைக் கூறும் தேசிய விடுதலை மையம் 2004இல் சின்சினாட்டியில் திறக்கப்பட்டது. விற்பனைக்காக மனிதர்களை அடைத்துவைத்த மரக்கட்டடம் ஒன்றைக் கென்டக்கியிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து அங்கு நிறுவியுள்ளனர். பார்வையாளர்கள் அதனுள் நுழையும்போது பேச்சு தானாகவே அடங்கிவிடும். மகிழ்ச்சி தரும் இடங்கள் மட்டுமே சுற்றுலா இடங்கள் அல்ல என்பதை இம்மையம் உணர்த்துகிறது.

காடும் கண்காட்சியும்

தென்கிழக்கில் ஹாக்கிங் குன்றுகள் உள்ளன. மணற்பாறையை நீர் அரித்து உருவாக்கிய குடைவுகளும் அருவிகளும் அங்கு நிறைந்துள்ளன. ‘சாம்பல் குகை’ என்பது குதிரை இலாட வடிவில் ஏறத்தாழ 700 அடி நீளத்திற்கு வளைந்து நிற்கும் மாபெரும் பாறைக் கூரை. அதனடியில் பழங்குடியினர் மூட்டிய தீயின் சாம்பல் குவியல் குவியலாகக் கிடந்ததால் அப்பெயர் வந்தது. சக்கர நாற்காலியும் செல்லத்தக்க சமமான பாதை அக்குகைவரை அமைக்கப்பட்டுள்ளது. நடக்க இயலாத பாட்டியும் பேரனோடு அருவியின் முன் அமரலாம். மாநிலப் பூங்காவாகிய இங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

தலைநகர் கொலம்பஸுக்கு அருகிலுள்ள விலங்குக் காட்சிசாலையில், 1956ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் ‘கோலோ’ என்னும் பெண் கொரில்லா பிறந்தது. மனிதர் பராமரிப்பில் பிறந்த உலகின் முதல் கொரில்லா அதுவே. அறுபது ஆண்டுகள் வாழ்ந்து 2017இல் மறைந்தது. கோடையில் இந்நகரில் நடைபெறும் மாநிலக் கண்காட்சியில், ஏறத்தாழ 900 கிலோ வெண்ணெயைக் கொண்டு பசுவும் கன்றும் வடிக்கின்றனர். 1903ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் தாம் வளர்த்த ஆட்டையும் கன்றையும் குளிப்பாட்டி, சீவி, கயிற்றைப் பிடித்தபடி நடுவர்முன் நடத்திச் செல்லும் காட்சி அதனினும் இனியது.

ஹோம்ஸ் வட்டாரத்தில் ஆமிஷ் சமயத்தினர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அவர்கள் மோட்டார் வண்டிகளை வைத்துக்கொள்வதில்லை. குதிரை வண்டிகளிலேயே செல்கின்றனர். தங்கள் முகத்தைப் படமெடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை. பார்க்கச் செல்லுமிடம் பிறருடைய வீடு என்பதை நினைவிற்கொண்டு நடந்துகொள்வதே விருந்தினர்க்கு அழகு.

கலைக்கூடத்தில் ஆடவல்லான்

பயணத்தின் முடிவில் மீண்டும் கிளீவ்லாந்துக்கு வருவோம். அந்நகரக் கலைக்கூடத்திலும் நுழைவு இலவசம். அங்குள்ள சிலைகளுள் ஒன்று, சோழர் காலத்தில் தமிழ்நாட்டில் வார்க்கப்பட்ட நடராசர் செப்புத்திருமேனி. பதினொன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தது. 1978ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் இந்நகரில் தியாகராசர் இசைவிழாவும் நடைபெற்று வருகிறது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் அவ்விழாவில் பாடுகின்றனர்.

முடிவுரை

மாணவர்களே, இப்பாடத்தில் நாம் கண்ட இடங்களை ஒருமுறை எண்ணிப்பாருங்கள். பனி செதுக்கிய பாறையை உடைத்து விற்றிருக்கலாம். ஆறு இன்றும் எரிந்துகொண்டிருக்கலாம். சதுப்புநிலத்தில் வண்டிகள் நின்றிருக்கலாம். எண்கோணத்தின் வாயில் இன்னும் பூட்டியே இருந்திருக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் யாரோ சிலர், ‘இது எல்லாருக்கும் உரியது’ என்று சொல்லி அதற்காக உழைத்தனர். இயற்கையும் வரலாறும் ஓர் இடத்தை உருவாக்கலாம். அதன் வாயிலைத் திறந்து வைப்பவர்கள் மனிதர்களே.

நீங்கள் வாழும் ஊரிலும் ஓர் ஏரியோ, குன்றோ, பழைய கட்டடமோ இருக்கும். அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு அங்குச் சென்று வாருங்கள். அங்குக் கட்டணம் உண்டா, பாட்டியால் நடக்க முடிகிறதா, குப்பை கிடக்கிறதா, அதனைக் காத்து வருபவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

சிந்தித்து விடையளிக்க

1. கெல்லீஸ் தீவின் பாறைப் பள்ளங்கள் எவ்வாறு தோன்றின?
2. கயஹோகா ஆறு எரிந்த நிகழ்ச்சி எம்மாற்றங்களுக்கு வழிகோலியது?
3. ‘தொடங்கிவைத்தவர்கள் மனிதர்கள், முடித்துவைத்தவை விலங்குகள்’ – இத்தொடரை விளக்குக.
4. நியூவார்க் எண்கோணத்தின் வாயில் பொதுமக்களுக்குத் திறந்தது ஏன் சிறப்புடையது? உம் கருத்தை எழுதுக.
5. உம் பகுதியிலுள்ள ஓரிடத்தைத் தேர்ந்து, அதனைக் குழந்தைகளும் முதியோரும் எளிதில் காணத்தக்கதாக்கச் செய்ய வேண்டுவன யாவை என ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.